இடக்கைப் பக்கங்கள்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணனும் நலமா? கை பழக்கத்தில் ‘நலம்’ என்று எழுதிவிட்டேன். ஆனால் இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்ததுமே நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். இது என் இடது கை எழுதுவது. பதறாதீர்கள், உட்கார்ந்து படியுங்கள்.

டிசம்பர் முதல் வாரம் எங்கள் எம்பிராய்டரிக் கூடத்தின் மாடிப்படியில் கால் தடுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, நரம்புதான் கூடவில்லை. அந்தக் கையால் வாளி தூக்கலாம், கதவு திறக்கலாம். ஊசியை மட்டும் பிடிக்க முடியாது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சண்டை போட்டுக்கொண்டவர்கள் மாதிரி ஒட்டாமல் நிற்கின்றன. "இனிமே இவ்வளவுதாம்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதினொரு வருஷம் கல்யாண உடைகளுக்குப் பூவும் கொடியும் போட்ட கை, அண்ணி.

முதலாளியம்மா, "ஜூலை கடைசி வரைக்கும் உங்க இடத்த யாருக்கும் குடுக்க மாட்டேன். அதுக்குள்ள இடது கைய தயார் பண்ணிக் காட்டுங்க. அதுக்கு மேல என்னாலயும் முடியாது" என்றார். அதுவரை நூல் அலமாரியை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனுக்குத் தெரியக் கூடாது. "ஒரு கீறல் பட்டுச்சுன்னு கேள்விப்பட்டாலும் அடுத்த வண்டியில வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று என்னை வழியனுப்பும்போதே சொன்னவர் அவர். சொன்னால் செய்வார். என்னை உங்கள் முன்னறையில் உட்கார வைத்து, தட்டில் போட்டுக் கையில் கொடுப்பார். அன்பாகத்தான் செய்வார். ஆனால் நான் என் அறை, என் பூட்டு, என் சாவி என்று இருந்து பழகிவிட்டேன். போனில் பேசினால் அவர் பக்கத்தில் நிற்பார் என்பதால்தான் உங்கள் பைண்டிங் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன்.

எனக்கு ஒரு துணிப் புத்தகம் செய்து தருவீர்களா? இருபத்து நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு தையல். கந்தல் துணியில் பழகினால் பிடிக்காததைச் சுருட்டி எறிந்துவிடுவேன். என் கோபம் உங்களுக்குத் தெரியும். புத்தகம் என்றால் கிழிக்க மனசு வராது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்

ஜனவரி 27

என் வாயாடி நாத்தனாருக்கு,

இங்கே இருவரும் சுகம். நீ சுகமா என்று கேட்கவே நாக்கு கூசுகிறது. உன் கடிதத்தைக் கடையின் பசை வாளிக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் கண்ணில் தூசி என்றேன். எந்தத் தூசி அரை மணி நேரம் இருக்கும்? ஒன்றரை மாதம் தனியாக ஒற்றைக் கையால் துணி துவைத்து, தலை வாரி, ஒருவரிடமும் மூச்சு விடாமல் இருந்திருக்கிறாய். உன்னைத் திட்டுவதா, கும்பிடுவதா?

புத்தகம் இத்துடன் வருகிறது. பழைய வெள்ளைப் போர்வையை மூன்று முறை வெந்நீரில் அலசி, கஞ்சி போகத் தேய்த்து, அளவாக வெட்டியிருக்கிறேன். எட்டெட்டுப் பக்கமாக மடித்து, மெழுகு பூசிய நூலால் முதுகைத் தைத்திருக்கிறேன். அட்டைக்குக் கறுப்புக் காலிகோ துணி. கல்லூரிப் பதிவேடுகளுக்குக்கூட நான் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

உன் அண்ணனிடம் சொல்ல மாட்டேன். லேத் பட்டறையில் மயிரிழை பிசகினாலே ஊரைக் கூட்டுகிற மனிதர், இதைக் கேட்டால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாதா? ஒரே கவலை, நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அதுவே அவருக்குச் சந்தேகம் தரும். அதனால் மற்ற எல்லாவற்றையும் பற்றி இரண்டு மடங்கு பேசிக்கொண்டிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. மருந்தை நிறுத்தாதே.

உன் அண்ணி

பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தான். இந்த முறை பொய்யில்லை. உங்கள் இருமல் நின்றதா?

புத்தகத்தைப் பிரித்ததும் மூக்கில் வைத்து முகர்ந்தேன். கூடத்தில் எல்லோரிடமும் காட்டினேன். அடேங்கப்பா, என்ன முதுகு, என்ன மூலை! ஆனால் ஒரு சின்னச் சங்கதி. எம்பிராய்டரி போட வேண்டுமென்றால் துணியை வளையத்தில் இறுக்கிப் பூட்ட வேண்டும். உங்கள் புத்தகத்தில் வளையம் நுழையவே மாட்டேன் என்கிறது. தாளில் எழுதுவது மாதிரி நினைத்து, முதுகு வரை கெட்டியாகத் தைத்துவிட்டீர்கள். எழுத்துக்கு இரண்டு விரல் ஓரம் போதும், ஊசிக்குப் போதாது.

ஆகவே பிரித்தேன். இரண்டு நாள் ஆனது. மெழுகு நூல் லேசில் அறுபடுமா? துணியில் ஓட்டை விழாமல் ஒவ்வொரு தையலாக இடது கையில் ஊசி பிடித்து நெம்பி எடுத்தேன். என் இடது கை செய்த முதல் வேலை, அண்ணி போட்ட தையலைப் பிரித்தது. முடித்த பிறகு ஒன்று தோன்றியது: ஊசியை இவ்வளவு மெதுவாக நகர்த்த இந்தக் கைக்கு வருகிறதே!

இனி இப்படிச் செய்வோம். முடிக்கும் பக்கங்களை உதிரியாக உங்களுக்கே அனுப்புகிறேன். நீங்கள் வைத்திருந்து கடைசியில் சேர்த்துத் தையுங்கள். முதல் பக்கம், ஓட்டுத் தையல், பன்னிரண்டு வரிசை. மேல் வரிசையைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

உங்கள் நாத்தனார்

பிப்ரவரி 20

என் அருமை நாத்தனாருக்கு,

சுகம். இருமல் போய்விட்டது, இப்போது சிரிப்புதான் நிற்கவில்லை. இருபது வருஷம் புத்தகம் கட்டியவளுக்கு, துணியில் வளையம் மாட்டுவார்கள் என்று தோன்றவில்லை பார். கடையில் சொன்னேன். பக்கங்களை வரிசை சேர்க்கும் அம்மாள், "நல்லவேளை, மேல லேபிள் ஒட்டாம விட்டியே" என்றார்.

இப்போது சிரிக்காமல் எழுதுகிறேன். உன் பக்கத்தை மேசையில் விரித்து அடிக்கோலை வைத்துப் பார்த்தேன். முதல் வரிசை மழைக்கு ஒதுங்க ஓடுகிற எறும்புதான். நான்காவது வரிசையில் எறும்பு நடக்கிறது. ஒன்பதாவதில் தையல்கள் ஒரே நீளத்துக்கு வரப் பார்க்கின்றன. பன்னிரண்டாவது வரிசையில் கோல் அங்கங்கேதான் விலகுகிறது. ஒரே பக்கத்துக்குள் ஒரு மனுஷி இவ்வளவு தூரம் நடந்து வந்திருப்பதை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஒரு கெஞ்சல். மேல் வரிசைகளைப் பிரித்துத் திரும்பப் போடாதே. எறும்பு ஓடினால் ஓடட்டும்.

உடம்புக்கு எண்ணெய் தேய்த்துக் குளி, அந்த மணிக்கட்டை ஈரத்தில் விடாதே.

உன் அண்ணி

மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலமா?

பின்தையல், சங்கிலித் தையல், காம்புத் தையல் என்று ஐந்து பக்கம் இத்துடன் வைத்திருக்கிறேன். ஊசியில் நூல் கோர்க்க ஒரு வழி கண்டுபிடித்தேன். குளியல் சோப்பில் ஊசியை நட்டுவைத்துக் கோர்க்கிறேன். ஊசியும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இதற்காகவே வலது கை உள்ளவர்களும் சோப்பு வாங்கலாம்.

ஆனால் வளையம் கொல்கிறது. இடது கை தைக்கும்போது வலது கை வளையத்தைப் பிடிக்க வேண்டும். அது பிடிப்பதில்லை. முழங்கைக்கும் வயிற்றுக்கும் நடுவே அமுக்கிக்கொள்கிறேன். ஒரு மணி நேரத்தில் தோள் கடுக்கிறது.

இன்னொன்று. காம்புத் தையலைப் பாருங்கள், கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு போகும். எல்லோருக்கும் ஒரு பக்கம் முறுக்கினால் எனக்கு மறுபக்கம் முறுக்குகிறது. இடது கை என்றால் அப்படித்தான் வரும். எதிரே உட்காருகிறவள் எட்டிப் பார்த்து, "அக்கா, உங்க கொடி தப்பா சுத்துது. இத எங்க கொடியோட ஒரே துணியில வச்சா எடுத்துக் காட்டுமே" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னாள். அன்று முழுக்க நூல் அலமாரிப் பக்கமே நின்றுகொண்டேன். அழுதேன் என்று எழுதினால்தான் என்ன, அழுதேன்.

நான்கு மாதம் இருக்கிறது. உடனே பதில் போடுங்கள்.

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? ஒரு மாதமாகப் பதில் இல்லை. பக்கங்கள் வந்து சேர்ந்தனவா?

அண்ணனிடம் ஞாயிற்றுக்கிழமை பேசினேன். "நல்லா இருக்கியா? சரி" என்றார். அவ்வளவுதான். வழக்கமாக நான் என்ன சாப்பிட்டேன், கதவுக்கு எத்தனை தாழ்ப்பாள் என்பது வரை விசாரிப்பவர். ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்

மே 6

என் நாத்தனாருக்கு,

இருவரும் சுகம். நீ கவலைப்படுகிற மாதிரி இங்கே ஒன்றும் இல்லை. கடையில் பதிவேடுகள் மலைபோலக் குவிந்துவிட்டன. அதனால்தான் தாமதம். மன்னித்துக்கொள்.

இத்துடன் புதிதாகப் பதினெட்டுப் பக்கம். வளையத்துக்குத் தாராளமாக ஓரம் விட்டிருக்கிறது. பைண்டிங் ஓட்டைகளும் முன்பே போட்டிருக்கிறது. எனக்குக் கைவராத ஒழுங்கில் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படாதே, தெரிந்த ஒருவர் உதவினார். பெட்டியில் இன்னொரு சாமானும் இருக்கிறது. மேசை ஓரத்தில் பூட்டினால் வளையத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். அதுவும் அவர் செய்ததுதான். மூன்று முறை செய்து, இரண்டைக் குப்பையில் போட்டுவிட்டு, மூன்றாவதைத்தான் கொடுத்தார்.

காம்புத் தையல் பற்றி நான் என்ன சொல்ல? எனக்கு முறுக்கு தெரியாது. இடைவெளி ஒன்றுபோல் இருப்பது மட்டும் தெரிகிறது. நீ நிறுத்தாதே.

நேரத்துக்குத் தூங்கு.

உன் அண்ணி

மே 25

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், உண்மையிலேயே நலம். தோள் வலி போய்விட்டது.

அந்தப் பிடிப்பானைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பூட்டப் பார்த்தேன். திருகை வழக்கம்போல வலப்பக்கம் திருப்பினால் கழன்றுகொண்டு வருகிறது. "உங்கள் ஆள் மரையைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்" என்று உங்களுக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். பிறகு சும்மா இடது கையால் இடப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இறுகியது. நன்றாக, சுகமாக இறுகியது. வலது கைக்கு எந்தப் பக்கம் திருக வலு உண்டோ, இடது கைக்கு அதன் எதிர்ப்பக்கம்தான் வலு. அதை யோசித்து, எதிர்மரை வெட்டியிருக்கிறார். கடையில் தேடினால் அப்படி ஒரு திருகு கிடைக்காது. விளிம்புகளையெல்லாம் மழுக்கியிருக்கிறார். மேசையில் படும் இடத்தில் தோல் ஒட்டியிருக்கிறார். இத்தனை வருஷம் எத்தனையோ சாமானைப் பார்த்திருக்கிறேன், என் கையை மட்டும் நினைத்து ஒருவர் செய்த சாமான் இதுதான்.

அவர் யார் என்று நான் கேட்கவில்லை, அண்ணி. கை நன்றாக வேலை செய்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏழு பக்கம் அனுப்புகிறேன். பின்பக்கம் தெரியாதபடி இரண்டிரண்டாக முதுகோடு முதுகு வைத்துத் தைத்துவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்

ஜூன் 21

என் அருமை நாத்தனாருக்கு,

சுகம். நீ சொன்னதையெல்லாம் சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டேன். "சரி" என்றார். பிறகு தண்ணீர் குடிக்கப் போனவர் வெகு நேரம் வரவில்லை.

பின்பக்கத்தை மறைக்க மாட்டேன். உன்னோடு சண்டைக்கு நிற்கிறேன். பிப்ரவரிப் பக்கத்தின் பின்பக்கம் குருவி பிய்த்துப்போட்ட கூடு. இப்போது வந்திருக்கும் நிரப்புத் தையல் பக்கத்தைத் திருப்பினால், எது முன், எது பின் என்று ஒரு கணம் குழம்பினேன். கடையில் வரிசை சேர்க்கும் அம்மாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஆறு மாசக் கையா இது?" என்றார். "ஐந்து" என்றேன். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? நானே போட்ட மாதிரி தலை நிமிர்ந்து நடந்தேன்.

ஜூலை முடிய ஆறு வாரம்கூட இல்லை. உன்னால் முடியாவிட்டாலும் என் கண்ணில் நீ குறைய மாட்டாய். அதை இப்போதே எழுதி வைக்கிறேன், பிறகு எழுதினால் ஆறுதல் மாதிரி இருக்கும்.

உன் அண்ணி

ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா? இதையும் உட்கார்ந்தே படியுங்கள்.

முப்பதாம் தேதி முதலாளியம்மா என்னை, துணி பூட்டிய பெரிய பிரேமில் உட்காரச் சொன்னார். ஒரு மேலங்கி. முன்பக்கம் இரண்டு பாதி, இரண்டிலும் கீழிருந்து தோள் வரை ஏறும் கொடி. வலது பாதியை எதிரே உட்காருகிறவள் ஏற்கெனவே முடித்திருந்தாள். இடது பாதி எனக்கு. ஓட்டுத் தையலில் ஒரு வரிசை ஓரத்தில் போட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பித்தேன். இரண்டு நாள்.

முடித்ததும் இரண்டு பாதியையும் சேர்த்து ஆள் உயரப் பொம்மையில் மாட்டினார்கள். எல்லோரும் வேலையை விட்டு எழுந்து வந்தார்கள். போயிற்று என்று நினைத்தேன். முதலாளியம்மா கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். என் கொடியின் முறுக்கு அவள் கொடிக்கு எதிர்ப்பக்கம் போகிறதல்லவா? இரண்டும் நடுவிலிருந்து கண்ணாடியில் பார்த்த மாதிரி விரிந்து நின்றன. இத்தனை வருஷமாக எல்லா உடைகளிலும் இரண்டு கொடியும் ஒரே பக்கம்தான் முறுக்கிக்கொண்டு போயிருக்கின்றன. வலது கைக்காரர்களும் முயன்றால் மாற்றிப் போடலாம், ஆனால் வேகம் வராது என்பதால் யாரும் போடுவதில்லை. "இது இல்லாமயா இவ்வளவு நாளும் குடுத்துட்டிருந்தோம்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "இனிமே இடது பாதி எல்லாம் இவங்களுக்கு" என்றார். அவ்வளவுதான். கொடி தப்பாகச் சுற்றுகிறது என்று சொன்னவள்தான் முதலில் கை தட்டினாள். வேகம் இன்னும் பழைய கைக்குப் பாதிதான். அது வரும்.

என் பழைய இடம் இல்லை. பக்கத்து ஆளை முழங்கையால் இடிக்காமல் இருக்க என்னைப் பிரேமின் ஓரத்தில் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் பக்கம்.

கடைசிப் பக்கங்கள் இத்துடன். இனி யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை.

உங்கள் நாத்தனார்

ஆகஸ்ட் 11

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். உன் அண்ணியும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஏப்ரல் ஐந்தாம் தேதி உன் அண்ணியின் பையில் குடை தேடினேன். துணிப் பக்கங்களும் உன் கடிதங்களும் கிடைத்தன. அவளை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவள் அழவில்லை. "போய்க் கூட்டிட்டு வாங்க. ஆனா அதுக்கு முன்னாடி அந்தப் பக்கங்கள ஒரு தடவ பாத்துட்டுப் போங்க" என்றாள். நான் பார்க்கவில்லை. நேரே ஸ்டேஷனுக்குப் போய், போக ஒன்று, திரும்ப இரண்டு என்று டிக்கெட் எடுத்தேன். பக்கங்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போயிருந்தேன். ‘இந்த லட்சணத்துக்கா தனியா இருக்கே?’ என்று உன் முகத்துக்கு நேரே காட்ட நினைத்தேன்.

வண்டி தாமதம். பெஞ்சில் உட்கார்ந்து முதல் பக்கத்தை எடுத்தேன். நான் அளவு பார்த்துப் பிழைப்பவன், பாப்பா. ஸ்கேல் இல்லாமலே எனக்குத் தெரியும். முதல் வரிசையையும் பன்னிரண்டாம் வரிசையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிறகு மற்ற பக்கங்கள். ஒரு வேலையை இப்படி முன்னேற்றிக்கொண்டு போகிற ஆளிடம் போய், போதும் எழுந்து வா என்று எந்த வாயால் சொல்வது? வண்டி வந்தது, நின்றது, போனது. நான் பெஞ்சிலேயே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தில் வளையம் பற்றி எழுதியிருந்ததைத் திரும்பப் படித்தேன். அது மட்டும் என்னால் செய்யக்கூடிய வேலையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வாயைத் திறந்தால் உளறிவிடுவேன் என்றுதான் ‘சரி’ என்று மட்டும் சொன்னேன். உன்னைப் பார்க்க வராமல் இருந்ததுபோல் கஷ்டமான வேலை நான் லேத்தில்கூடச் செய்ததில்லை.

புத்தகம் தயார். உன் அண்ணி முதுகு தைத்தாள், நான் பிடித்துக்கொண்டேன். பின்பக்கம் எல்லாம் தெரிகிறது. நேரில் கொண்டுவந்து தர ஆசை. நான் வரலாமா?

உன் அண்ணன்

ஆகஸ்ட் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் கடிதத்தைக் கூடத்தில் படிக்க முடியவில்லை, அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். நீங்கள் யாரிடமாவது ‘வரலாமா’ என்று கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

வாருங்கள். அண்ணியையும் அழைத்து வாருங்கள். வருவதற்கு இரண்டு டிக்கெட் எடுங்கள். திரும்புவதற்கும் இரண்டே எடுங்கள்.

உங்கள் தங்கை